பளபளக்காத டப்பா

குமணன்சாவடி ஃபேன்சி ஸ்டோரில் கௌதம் அரைமணி நேரமாக நின்றிருந்தான். நாளைக்கு மாங்காட்டில் பெண் பார்க்கப் போகிறான். எண்ணெய் வழியும் தலையைப் பார்த்தே இரண்டு மாப்பிள்ளைகளை வேண்டாம் என்றவளாம் கிருஷ்ணப்பிரியா.

"ஜெல் எடுத்துக்கோ நைனா, சும்மா பளபளன்னு நிக்கும்," என்றார் கடைக்காரர்.

"பளபளப்பு வேணாண்ணா. நேச்சுரலா தெரியணும்."

"அப்போ வாக்ஸ்?"

"அது பிசுபிசுன்னு இழுக்கும். ஒரு முடி போனாலும் நஷ்டம்."

"இன்னா நைனா, உன் வயசுல போனா மொளைக்காதா?" என்று சிரித்தபடியே கடைக்காரர் பளபளப்பும் பிசுபிசுப்பும் இல்லாமல் முடியைப் படிய வைக்கும் ஹேர் க்ளே டப்பாவை எடுத்து வைத்தார்.

மறுநாள் அந்த டப்பா நன்றாகவே வேலை செய்தது. காபி கொடுக்க வந்த கிருஷ்ணப்பிரியா அவன் தலையை ஆசையாகப் பார்த்தாள். உள்ளே போனதும் சம்மதம் சொல்லிவிட்டாள்.

அவள் அப்பா எத்திராஜ் கண்கலங்க வந்து கௌதமின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எத்தினி எடம் தட்டிக்கினே போச்சு மாப்ளே! இந்த எடம் அமைஞ்சா மாப்ளையும் நானும் ஒண்ணா மொட்டை போட்டுக்கிறோம்னு திருத்தணி முருகனுக்கு வேண்டிக்கினேன். வர்ற கிருத்திகைக்கே போயிடலாம். உங்களுக்கு இன்னா, மறுபடி கருகருன்னு வளந்துடும்!"

தலையாட்டப் போன கௌதம் பாதியில் நிறுத்திக்கொண்டான். திருத்தணியில் அவன் தலைக்குக் கத்தியே தேவைப்படாது. நெற்றியோரத்து டேப்பை உரித்தால் போதும், விக் மொத்தமாகக் கையோடு வந்துவிடும்.