மடங்காத கை

"வலி இல்லாத கையை அறுத்து இன்னா ஆவப் போவுது? அவ எங்கியும் வரமாட்டா" என்று வாசலை மறித்துக்கொண்டு நின்றாள் ஆரோக்கியம்மாள்.

ஹில்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தங்கை ஜெயகுமாரியை ஆபரேஷனுக்கு அழைத்துப் போகத்தான் கொரட்டூரிலிருந்து கோவில்பதாகைக்கு வந்திருந்தாள். மாமியார்க்காரி விடுவதாக இல்லை.

போன வருஷம் ஜெயகுமாரி குழாயடியில் வழுக்கி விழுந்ததாகச் சேதி வந்தது. வலது முழங்கை மூட்டு விலகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகாமல் எண்ணெய்க் கட்டுப் போட்டார்கள். வீக்கம் வற்றியது. கை மட்டும் கம்பு மாதிரி நீட்டியபடி நின்றுவிட்டது. ஒரு வாய்ச் சோறு தானாக உண்ண முடியாது. தலை பின்ன முடியாது.

புருஷன் இக்னேஷியஸ்தான் ஊட்டிவிட்டான். குடியைக்கூட விட்டுவிட்டான். அப்படிப்பட்ட பிள்ளையைப் பெற்றவளுக்கா இப்படி ஒரு கல்மனசு?

"என் தங்கச்சி கடைசிவரைக்கும் இப்படியே கிடக்கணுமா?" என்று கேட்டுவிட்டு, ஆரோக்கியம்மாளை ஒதுக்கித் தள்ளி, தங்கையைப் பல்லவன் பஸ்ஸில் ஏற்றினாள் ஹில்டா.

விழுந்த அன்றே வந்திருந்தால் இழுத்துப் பொருத்தியிருக்கலாம், இப்போது திறந்துதான் ஆகவேண்டும் என்றார் டாக்டர். முழங்கையின் பின்பக்கம் கீறி, இறுகிப்போன தசையைத் தளர்த்தி, எலும்பை அதன் இடத்தில் உட்கார வைத்துக் கம்பி செருகினார்கள். கம்பியை எடுத்த பிறகு கையை மடக்கிப் பழக்கும்போது ஜெயகுமாரி அலறிய அலறலில் வார்டே திரும்பிப் பார்த்தது.

ஒருநாள் காலை, இட்லியைப் பிய்த்துத் தானே வாயில் வைத்துக்கொண்டாள். ஹில்டாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் ஆரோக்கியம்மாள் தனியாக வந்தாள். முகத்தில் சிரிப்பே இல்லை.

"இப்பவாவது சந்தோஷப்படக் கூடாதா?" என்று கேட்டாள் ஹில்டா.

ஆரோக்கியம்மாள் அவளை வராந்தாவுக்கு இழுத்துப் போனாள்.

"அவ குழாயடில வுழல. என் புள்ளதான் குடிச்சிட்டு வந்து கையை முறுக்கினான்."

ஹில்டாவிடம் தங்கை இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லையே.

"அந்தக் கையைப் பாத்துப் பாத்துக் கூசிப்போயிதான் இத்தினி நாளு ஒயுங்கா இருந்தான். கை மடங்கிடுச்சுன்னு நேத்து சொன்னேன். ராத்திரி மறுபடியும் குடிச்சிட்டு வந்தான்."



ஆரோக்கியம்மாள் கையிலிருந்த பையை நீட்டினாள். உள்ளே ஜெயகுமாரியின் புடவைகள்.

"இப்பிடியே உன் ஊட்டுக்குக் கூட்டிகினு போயிடு. நான்தான் தொரத்திட்டேன்னு சொல்லிக்கிறேன். ஊரு நம்பும்."