அம்மனுக்கு அளவான காத்து

“டேய் கணபதி! என் இடுப்பை ஒடிக்கவாடா தேர் கட்டுன?”

கருப்பம்மாக்காவுக்கு அருள் வந்துவிட்டது. தேர் கிளம்பி மேட்டு லயத்து வீடுகளைக்கூடத் தொடவில்லை, அதற்குள் இப்படி.

தேர் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்கு அவ்வளவு வசதி ஏது? நாலு சைக்கிள் சக்கரம், மேலே ஒரு தகரக் கூண்டு, முன்னால் சிவப்புத் திரை. அவ்வளவுதான். சக்கரத்துக்குப் பொறுப்பு, சந்தியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் கணபதி.

போன வருசம் மெல்லிசு டயரை மாட்டி, கல்லு மாதிரி காத்தடித்துவிட்டான் பாவி. ஒவ்வொரு கல்லுக்கும் தேர் துள்ளி, அம்மனின் கிரீடம் தேயிலைக்குள் போய் விழுந்தது. “இன்னொரு தடவை ஆத்தா குறை சொன்னா, அடுத்த வருசம் டிராக்டர்தான்” என்று கோயில் தலைவர் இராசையா ஊரறியச் சொல்லிவிட்டார். தேர்ச் சக்கரம் கைவிட்டுப் போனால் கணபதிக்கு உயிர் போன மாதிரி. அதனால்தான் இந்த முறை நல்ல தடித்த டயராகப் பார்த்து மாட்டினான். பூசாரிகூட காலையில் பாரம் ஏற்றி ஓட்டிப் பார்த்துவிட்டு, “பூ மாதிரி போகுதுப்பா” என்றாரே!

சாயந்தரம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. தப்பு மேளச் சத்தம் கேட்டதுதான் தாமதம், எளந்தாரிகள் திரையை மூடியபடியே தேரைக் கிளப்பிவிட்டார்கள்.

“என்ன குறை தாயே?” கணபதி கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

“ஒவ்வொரு கல்லும் முதுகுல குத்துதுடா!”

தடி டயராக இருந்தாலும் காத்தை இறுக்கி அடைத்தால் மரக்கட்டைதானே! தன்னையே திட்டிக்கொண்டு, நாலு வால்விலும் காத்தைப் பிடுங்கிவிட்டான்.

தேர் நகர மறுத்தது. “என்னாண்ணே இது, சேத்துல இழுக்குற மாதிரி இருக்கு!” என்று வடம் பிடித்த ஜெயரூபன் மூச்சு வாங்கினான். டயர் பிதுங்கி, தேர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது.

“டேய்! தொட்டில்ல போட்டா ஆட்டுற? குமட்டுதுடா எனக்கு!”

“என்னய்யா கணபதி?” தலைவர் முறைத்தார். “டிராக்டருக்குச் சொல்லிரவா?”

“ஐயோ தலைவரே, கொஞ்சம் பொறுங்க!” கணபதி பம்பை எடுத்துக்கொண்டு சக்கரத்தடியில் விழுந்தான். அடித்தான், கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தான், மறுபடி அடித்தான். “இப்ப எப்படி தாயே?”

“பின்னால எடது பக்கம் இன்னும் கொஞ்சம்.”

“ஆத்தாவுக்கு எவ்வளவு நுணுக்கம் பாத்தீங்களா!” தலைவருக்கு மெய்சிலிர்த்தது.

இன்னும் நாலு அடி அடித்தான். தேர் கல்லின் மேல் ஏறி இறங்கியது. சத்தமே இல்லை.

“இப்பத்தான்டா சுகமா இருக்கு,” கருப்பம்மாக்காவின் குரல் குழைந்தது. “தாய் மடியில உக்காந்து போற மாதிரி இருக்கு. நல்லா இருப்படா!”

பெண்கள் குலவை போட்டார்கள். தலைவர் கணபதியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். “டிராக்டர் பேச்சுக்கே இனி இடமில்ல. ஒன் ஆயுசுக்கும் ஆத்தாவுக்கு ஒன் சக்கரம்தான்!”

கணபதி அழுதேவிட்டான். சந்தோஷம் தாங்கவில்லை.

அப்போதுதான் கீழேயிருந்து பூசாரி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

“அடப் பாவிகளா, நிறுத்துங்க! யாரு தேரை எடுக்கச் சொன்னது? இப்பத்தான் அலங்காரமே முடிஞ்சுது. ஆத்தா இன்னும் கோயிலுக்குள்ளதான் இருக்கா!”

தலைவர் பதறிப்போய்த் திரையை இழுத்தார்.

காலையில் பாரத்துக்கு ஏற்றிய வெலிமடை உருளைக்கிழங்கு மூட்டை, உள்ளே சுகமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தது.