நாயின் பெயரில் ஒரு கீறல்

மருமகனின் காரைக் கேட் தூணில் உரசிவிட்டு, நாய் பிறாண்டியதாக வாய் கூசாமல் சொன்ன மாமனார், பம்பர் முன் குத்துக்காலிட்டு உப்புத்தாளால் தேய்க்கிறார். கீறலுக்குள் விரல் நகமே புதைகிறது. இப்படிப் பிறாண்டப் புலிக்கும் பயிற்சி வேண்டும். செய்யாத குற்றத்துக்குச் சங்கிலியில் கிடக்கும் நாய், அவரையே ஆசையாகப் பார்க்கிறது. கீறலைப் பட்டி பூசி நிரப்பி, காயவிட்டு, வெள்ளை ஸ்ப்ரே அடிக்கிறார். வெயிலில் பம்பர் பால்போல் மினுங்குகிறது. அவர் எழுந்ததும் நாய் சங்கிலியை இழுத்துக்கொண்டு குஷியில் துள்ளி வர, ஈரப் பெயிண்டில் அதன் பழுப்பு முடி அப்பிக்கொள்கிறது. வாசலில் மருமகன்.

"திருட்டு நாயே, மறுபடியும் அதே இடமா! மாமா, நேத்து நீங்க சொன்னப்ப நான் நம்பல. மன்னிச்சிருங்க."

வெள்ளை ஒட்டிய கையை மாமனார் முதுகுக்குப் பின்னால் மறைக்கிறார். நாய் எட்டி, அந்தக் கையைத்தான் நக்கிக்கொடுக்கிறது.