சமாதானம் சொல்ல வந்தவர்

ஆராதனைக்கு நடுவில் எலக்ட்ரீஷியன் எழுந்து முன் வரிசைக்கு நடந்தபோது, ஃபேன்தான் ஏதோ நின்றுவிட்டது என்று எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

ஃபேன்கள் எல்லாம் ஒழுங்காகத்தான் சுற்றிக்கொண்டிருந்தன.

அவர் போய் நின்றது பெண்கள் சங்கத் தலைவியின் எதிரில். அதே பெஞ்சின் அந்தக் கோடியில் தலைவியின் நாத்தனார். பாடகர் குழுவில் அவர் குரல்தான் முதல் குரல். ஒரு கல்யாண ஃபோட்டோவில் யார் எங்கே நிற்பது என்று ஆரம்பித்த சண்டை. அந்த மாப்பிள்ளை பெண்ணுக்குப் பிள்ளை பிறந்து, அது பள்ளிக்கூடமும் போகிறது. இவர்களுக்குள் இன்னும் பேச்சுவார்த்தை இல்லை.

போதகர் அப்போதுதான் வழக்கம்போல, “ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளுங்கள்” என்றிருந்தார். ஆளாளுக்குக் கை குலுக்கி, “சமாதானம், சமாதானம்” என்று சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“அக்கா!” என்றார் எலக்ட்ரீஷியன். ஏணி உச்சியிலிருந்து ஸ்க்ரூடிரைவர் கேட்டுப் பழகிய தொண்டை. மெதுவாகப் பேச வராது. “என்ன சண்டைன்னு எனக்குத் தெரியாது. பாஸ்டரும் வாராவாரம் சமாதானமாப் போங்கன்னு சொல்றார், எல்லாரும் கேட்கிறாங்க. நீங்க ரெண்டு பேர் மட்டும் பிடி கொடுக்கவே மாட்டேங்கறீங்களே!”

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்து, அவசரமாக இருமினார்கள்.

“சண்டையா? யாருக்கு?” என்றார் தலைவி, முகம் சிவக்க.

“உங்களுக்கும் அந்த அக்காவுக்கும்தான். மூணு வாரமா கடைசி பெஞ்சுலேருந்து பார்த்துக்கிட்டிருக்கேனே! இவ்வளவு பேரும் வாரம் பூரா சண்டை போட்டுட்டு, இங்க வந்து கை கொடுத்து ராசியாயிடறாங்க. எனக்கு யாரோடயும் சண்டையில்லை, அதான் எனக்கு யாரும் கை கொடுக்கறதில்லை. சும்மாதானே உட்கார்ந்திருக்கோம், உங்களையாவது சேர்த்து வைக்கலாமேன்னு வந்தேன்.”

சபையே சிரித்துவிட்டது. அந்தப் பெண்கள் இருவரும் மட்டும் சிரிக்கவில்லை.

செயலாளர் ஓடிவந்து அவர் முழங்கையைப் பிடித்தார். “ஐயோ, அது சும்மா ஒரு வாழ்த்துங்க! வணக்கம் சொல்ற மாதிரி. இங்க யாருக்கும் யாரோடயும் சண்டையில்லை. போய் உட்காருங்க.”

எலக்ட்ரீஷியனுக்குக் காது மடல்வரை சுட்டது. தலையைக் குனிந்துகொண்டு போய் உட்கார்ந்தார்.

ஃபேன் ரிப்பேருக்கு என்றுதான் அவர் முதலில் இங்கே வந்தார். அன்றைக்குப் பாட்டு ஒத்திகை. வேலை முடிந்தும், பாட்டு முடிகிறவரை ஏணியை விட்டு இறங்கவில்லை. “ஞாயிற்றுக்கிழமை நானும் வரலாமா?” என்று கேட்டதற்கு, “தாராளமா வாங்க. அப்படியே அந்த ஓரத்து ஃபேன் சத்தத்தையும் பார்த்துடுங்க” என்றார் செயலாளர். அதற்குப் பிறகு அவரிடம் யார் பேசினாலும் பேச்சு ஃபேனைத் தாண்டியதில்லை.

ஆனால் ஜெபம் அவருக்குப் பிடித்துப்போயிற்று. பிழைப்புக்காக இந்த ஊருக்கு வந்த பிறகு, கண்ணை மூடி ஜெபிக்கும்போதுதான் வீட்டில் இருப்பதுபோல இருந்தது. கண்ணைத் திறந்தால்தான் கடைசி பெஞ்ச்.

இன்றைக்கு அந்தப் பெஞ்சுக்கும் ஆபத்து.

ஆராதனை முடிந்தது. தலைவி எழுந்தார். நாத்தனாரும் எழுந்தார். இரண்டு பேரும் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு, சேர்ந்தே போதகரின் அறைக்குள் போனார்கள். பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

“போச்சு!” என்றார் செயலாளர். “சேராத ரெண்டும் சேர்ந்து போகுதுன்னா, உங்க மேல புகார்தான். வேறென்ன?”

மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கிளம்பிவிடலாம் என்று எலக்ட்ரீஷியன் அறை வாசலுக்குப் போனார். கதவு பாதி திறந்திருந்தது.

“புது ஆள்மா, தெரியாமப் பண்ணிட்டார். நான் கண்டிச்சு வைக்கிறேன்” என்றது போதகரின் குரல்.

“அவரை எதுக்குக் கண்டிக்கணும்? நாங்க உங்களைக் கண்டிக்க வந்திருக்கோம்!” இது தலைவி.

“மூணு வாரமா ஒரு மனுஷன் தனியா உட்கார்ந்திருக்கார். தனக்குச் சண்டை இல்லாததாலதான் யாரும் கை கொடுக்கலைன்னு வேற நினைச்சுக்கிட்டிருக்கார். கேட்கவே கூசுது, பாஸ்டர். நாங்களும்தான் திரும்பிப் பார்க்கலை!” இது நாத்தனார்.

“இல்லம்மா, அது வந்து... கூட்டத்துல... கடைசி பெஞ்ச் வேற...”

“இந்தச் சமாதானமெல்லாம் சொல்லாதீங்க!” இரண்டு குரலும் ஒரே சுருதியில் சேர்ந்து ஒலித்தன.

போதகருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்க, தலைவி சிரிக்க, நாத்தனாருக்குப் புரையேறிவிட்டது.

“ஆமா, அந்த ஃபோட்டோல நீ எங்கதான் நிக்கணும்னு சொன்னே?” என்றார் தலைவி, அவர் முதுகைத் தட்டிக்கொண்டே.

“எனக்கே மறந்துபோச்சு, அண்ணி!”

கதவு திறந்தது. எலக்ட்ரீஷியன் கும்பிட்டார். “மன்னிச்சிடுங்கக்கா. அர்த்தம் தெரியாம உளறிட்டேன். இனிமே வரலை.”

“வராம இருந்து பாரு, அப்பத் தெரியும் சேதி!” என்று எகிறினார் தலைவி. “வேலை செய்யற இடத்துக்கே வந்து மானத்தை வாங்கிடுவேன்.”

“இவ்வளவு பெரிய தொண்டையை வெச்சுக்கிட்டு மூலையில ஒளிஞ்சு உட்கார்ந்திருக்கியே, உனக்கு அறிவிருக்கா?” என்றார் நாத்தனார். “ஆம்பளைக் குரல் கிடைக்காம நாங்க திண்டாடுறோம். வர்ற வாரம் ஒத்திகைக்கு லேட்டா வந்தே, தொலைச்சுடுவேன்!”

எலக்ட்ரீஷியன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முகமெல்லாம் பல்லாக நின்றார்.

“நாங்க திட்டிக்கிட்டிருக்கோம், உனக்கு என்னப்பா சிரிப்பு?”

“ஒண்ணுமில்லக்கா. ‘என்னை உரிமையாத் திட்டுறதுக்கு இந்த ஊர்ல ஒரு ஆளைக் கொடு இயேசப்பா’ன்னு தினமும் ஜெபம் பண்ணிக்கிட்டிருந்தேன். ரெண்டு பேரா அனுப்பிட்டார்!”