விசாவுக்கு ஓர் அத்தாட்சி

கல்யாணம் நிஜம்தான் என்று அதிகாரியம்மா நம்பினால்தான் மரிசெல்லுக்கு விசா. இல்லையென்றால் சனிக்கிழமை அவள் மணிலாவுக்கு விமானம் ஏற வேண்டும். ஏழு கல்யாண ஆல்பங்களோடு வந்திருந்த கணவன் பரிதிக்கு மட்டும் அவற்றைக் காட்டும் குஷி தாங்கவில்லை.

"ஃபோட்டோ யாரு வேணா எடுத்துக்கலாம் சார்," என்று அந்த அம்மாள் எல்லாவற்றையும் ஒதுக்கித் தள்ளினார். "நீ சொல்லும்மா, இவரு நெஜமாவே உன் புருஷனா?"

ஆமாம் என்பதற்கு மரிசெல் அச்சு அசல் மாமியாரைப் போலவே தலையை இரண்டு பக்கமும் ஆட்டினாள்.

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. "கல்யாண சர்டிபிகேட் எங்க சார்?"

திரும்ப அள்ளிய ஆல்பங்கள் பரிதியின் இரண்டு கைகளிலும். வீட்டில் எது எங்கே என்று கேட்டாலும் மரிசெல் தன் ஊர் வழக்கப்படி விரலுக்குப் பதில் உதட்டால் காட்டுவதுபோல, உதட்டைக் குவித்து அவள் மடியிலிருந்த பையை நோக்கி நீட்டினான்.

"சார், இது கவர்மெண்ட் ஆபீஸு. முத்தமெல்லாம் வீட்டுக்குப் போய்க் குடுங்க," என்ற அதிகாரியம்மா, விசா முத்திரை எங்கே என்று தேட ஆரம்பித்தார்.