முதல் குக்ரி

பார்சலைப் பிரித்ததும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. பட்டறையில் கையால் அடித்துச் செய்த குக்ரி கத்தி! எத்தனை வருஷத்து ஆசை!

“நீயா வரவழைச்சே? பரவாயில்லையே, உனக்குக்கூட மூளை வேலை செய்யுதே!”

“ஆசைப்பட்டுக்கிட்டே இருந்தீங்களே...” மனைவி தண்ணீர் டம்ளரை நீட்டினாள். அவளுடைய வலது சுண்டுவிரல் வழக்கம்போல் மடங்காமல் கோணலாக நின்றது.

தோல் உறையிலிருந்து கத்தியை உருவி அவள் முகத்துக்கு நேரே ஆட்டினான்.

“இனிமே எதிர்த்துப் பேசித்தான் பாரேன்!”

அவள் சிரித்தாள். அவனுக்குத்தான் பிடி கையில் உட்காரவில்லை. எரிச்சலோடு கத்தியை மேசைமேல் வைத்துவிட்டு, ஜன்னலோரம் போய்ப் பட்டறைக்காரருக்குப் போன் போட்டான்.

“என்னய்யா, பிடி இவ்வளவு சின்னதா இருக்கு? என் கைக்குப் பத்தவே இல்ல!”

“அளவு சரிதான் சார். கையைக் காகிதத்துல வெச்சு வரைஞ்சு அனுப்பச் சொன்னேன், அம்மா அனுப்பினாங்க. சுண்டுவிரல் மடங்காதுன்னாங்க. அதுக்குத் தோதா பிடியில தனியா ஒரு பள்ளம் செதுக்கியிருக்கேன், பாருங்க.”

அந்த விரலைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கியவன் அவன்தான்.

சட்டென்று திரும்பினான்.

மேசைமேல் உறை மட்டும் கிடந்தது.