வேலையை விட்ட தேதி

நரியின் உப்பு மண்டியில் ஏழு வருஷம் மூட்டை சுமந்த கழுதை, கரடியின் தேன் கடைக்கு வேலை மாறி மூணு மாசம் ஆகியிருந்தது. வயசான காலத்துக்கென்று அதன் தீவனத்தில் மாசாமாசம் பிடித்த கொள்ளு, ஆமையின் சேமிப்பு ஆபீசில் கிடந்தது. அதைப் புதுக் கணக்குக்கு மாற்றித் தரும்படி கழுதை ஆமையிடம் கேட்டது.

ஆமை ஏட்டைப் புரட்டியது. "நீ வேலையை விட்ட தேதியை நரி எழுதித் தரவே இல்லையேப்பா. ஏட்டின்படி நீ இன்னும் உப்புதான் சுமக்கிறாய்."

கழுதை திரும்பித் தன் முதுகைப் பார்த்துக்கொண்டது. மூட்டை எதுவும் இல்லை.

தேதி கேட்டு நரியிடம் நாலு தடவை நடந்து போனது. "நாளைக்கு வா" என்பதே பதில். ஐந்தாம் தடவை மண்டி வாசலை அடைத்துக் கால் நீட்டிப் படுத்தது.

"முதலாளி, நான் இன்னும் உங்கள் ஆள்தானாம். மூணு மாசத் தீவனம் பாக்கி."

பேனா தேடக்கூட நரிக்குப் பொறுமையில்லை. வாலை மையில் முக்கிச் சீட்டில் தேதியை எழுதிக் கொடுத்தது.